லைன் வீடுகளுக்குக் காய் கொண்டுபோன 22 ஞாயிறுகள்

திருப்பூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு காம்பவுண்ட் இருக்கிறது. இரண்டு வரிசையாகப் பதினெட்டு லைன் வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. குடியிருப்பவர்கள் எல்லாரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள், கடைசி மூன்று வீட்டில் ஒடிசாப் பையன்கள். நானும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்தான். 2024 ஜூன் 2 முதல் அக்டோபர் 27 வரை 22 ஞாயிற்றுக்கிழமை இந்த வீடுகளுக்கு உழவர் சந்தைக் காய் வாங்கிப் போய்க் கொடுத்தேன். கையிலிருந்து 23,600 ரூபாய் போனது. பணத்தைவிட, நாலு பேரோடு முகம் கொடுத்துப் பேச முடியாமல் ஆனதுதான் அதிகம் வலித்தது. தீபாவளி சமயத்தில் அந்தக் காம்பவுண்ட் வாசலைத் தாண்டிப் போகவே மனசு கூசியது. இப்போது வேறு மாதிரி மறுபடி நடக்கிறது. இதே ஆசையோடு வேறு யாராவது இறங்கினால் நான் விழுந்த குழியில் அவர்களும் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு சின்னப் பேச்சில். நாலாவது வீட்டில் இருப்பவள் தேனிப் பக்கம், செக்கிங் வேலை. அவளுடைய பெண்ணுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் ரத்தம் பார்த்துவிட்டு ரத்தசோகை என்று சொல்லி, மாத்திரையோடு கீரை, காய், பழம் நிறையக் கொடுக்கச் சொன்னார்களாம். தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “கீரையை எப்பக்கா வாங்குறது? காலையில எட்டரைக்குள்ள கம்பெனிக்குள்ள இருக்கணும். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப ராத்திரி எட்டே முக்கால். அப்ப கடையில இருக்கிறது வாடின தக்காளியும் உருளைக்கிழங்கும்தான்.” அவள் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவள் பேசியது நேரத்தைப் பற்றி. நான் விலைதான் பிரச்சினை என்று முடிவு கட்டிக்கொண்டேன். இந்த ஒரு தப்பிலிருந்துதான் மற்ற தப்பெல்லாம் கிளைத்தது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் முதலில் கணக்குத்தான் போட்டேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது. அதில் உருளைக்கிழங்கு, மரவள்ளி மாதிரிக் கிழங்குகள் சேராது. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, காய் மட்டுமே 400 கிராம், பழம் தனியாக 100 கிராம் என்கிறது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்குக் குறைந்த அளவை வைத்துப் பார்த்தாலே வாரத்துக்குப் பதினொரு கிலோ. கிலோ சராசரி 40 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 450 ரூபாய். காம்பவுண்டில் விசாரித்தபோது பெரும்பாலான வீட்டில் வாரத்துக்கு 150, 200 ரூபாய்தான் காய்க்குப் போகிறது. அதிலும் பாதி வெங்காயம், தக்காளி. ரேஷனில் 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பருப்பும் பாமாயிலும் மலிவாகக் கிடைக்கிறது. வயிறு நிறைந்துவிடுகிறது. காய்க்கு அப்படித் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், ஆனால் அது அந்த நெருக்கடிக்கான ஏற்பாடு.

சரி, உழவர் சந்தை இருக்கிறதே என்று தோன்றியது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள். அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயி மட்டும் உட்காரலாம், கடைக்கு வாடகை கிடையாது, தராசு அங்கேயே கொடுப்பார்கள். தினமும் காலையில் விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் என்பதுதான் அந்தக் கணக்கு. வாங்குகிறவருக்கும் லாபம், விளைவிக்கிறவருக்கும் லாபம். ஆனால் நல்ல காய் விடியற்காலையில் போய்விடும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற பெண் ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போக மாட்டாள். போனாலும் ஆட்டோவுக்கும் பஸ்சுக்கும் கொடுக்கிற காசில் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். அதனால் நானே போய் மொத்தமாக வாங்கி வந்து, வாங்கிய விலைக்கே வீட்டு வாசலில் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். நகைச்சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில் பத்தாயிரத்தை எடுத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபது கிலோ தக்காளியைக் கோணிப்பையில் கட்டி, அதன்மேல் கத்தரிக்காய்ப் பையையும் வைத்து ஆட்டோவில் வந்தேன். வாசலில் பையை அவிழ்த்தபோது அடியிலிருந்த ஐந்து கிலோ கூழாகியிருந்தது. சிவப்புத் தண்ணீர் கோணி வழியாக ஒழுகி, முளைக்கீரைக் கட்டு முழுக்க நனைந்திருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு தக்காளியாகத் துடைத்தேன். துடைத்தவை மறுநாள் அழுகின. ஈரம் பட்ட தக்காளி தாங்காது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவுக்கே 250 ரூபாய் போனது. 22 வாரத்துக்கு 5,500 ரூபாய். அழுகிப் போனதில் மொத்தம் 6,200 ரூபாய். தொடங்குகிறவர்கள் முதலில் நாலு பிளாஸ்டிக் கிரேட் வாங்குங்கள், கோணிப்பை வேண்டாம். தக்காளியில் பழம், செங்காய், பச்சைக்காய் மூன்றும் கலந்து எடுங்கள், வாரம் ஓடும். கீரையைக் கழுவாமல், வேரோடு ஈரத்துணியில் சுற்றி நிழலில் நிறுத்தி வையுங்கள். கொடுக்கிற அன்றைக்கே சமைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தப்பு, எது சத்து என்று நான் தீர்மானித்தது. இரண்டாவது வாரம் ஒரு வீட்டுக்கு ஒரு வாழைப்பூ என்று பதினெட்டு வாழைப்பூ வாங்கினேன். பீட்ரூட், கருணைக்கிழங்கு எல்லாம் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டி ஓரம் ஏழு வாழைப்பூ அப்படியே கறுத்துக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைக் கேட்டும்விட்டேன், அது இன்னொரு தப்பு. ஆறாவது வீட்டு அக்கா, திண்டுக்கல்காரர், பொறுமையாகச் சொன்னார்: “ஒவ்வொரு பூவா நரம்பு எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் தங்கச்சி. எந்த நேரத்துல எடுக்கிறது?” அவர் வீட்டுக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போய் உட்கார்ந்தேன். ஒற்றை பர்னர் அடுப்பு, அஞ்சு கிலோ சிலிண்டர், ஃபிரிட்ஜ் இல்லை, ஒரு குக்கர். அந்த அடுப்பில் நாற்பது நிமிடம் வேகிற காய் விலை மலிவாக இருந்தாலும் மலிவு இல்லை. அன்றையிலிருந்து இரண்டே கேள்வி வைத்துக்கொண்டேன்: இருபது நிமிடத்தில் பொரியலோ குழம்போ ஆகுமா, ஃபிரிட்ஜ் இல்லாமல் மூன்று நாள் நிற்குமா? அவரை, கொத்தவரை, கோவைக்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், முருங்கைக்காய், முள்ளங்கி தேறின. எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்று சொல்கிற மஞ்சள் பூசணி, முழுசாக இருந்தால் வாரக்கணக்கில் நிற்கும், நறுக்கிவிட்டால் இரண்டு நாள்தான். அதனால் சின்னதாகப் பார்த்து முழுக்காயாகக் கொடுப்பது நல்லது. கீரை வாரம் ஒரு கட்டு போதும், அதோடு ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக் கொடுங்கள். அந்தப் புளிப்பிலிருக்கிற வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது கெடும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஒடிசாப் பையன்கள் நான் கேட்காமலே சொல்லிவிட்டார்கள்: அவர்களுக்குப் பாகற்காயும் வெண்டைக்காயும் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. யார் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று நானே ஒரு பட்டியல் போட்டேன். ஆறு வீட்டுக்குப் பாதி விலை. குழப்பம் வரக்கூடாது என்று அந்த ஆறு வீட்டுக்குப் பச்சைப் பை, மற்றவர்களுக்கு மஞ்சள் பை. மூன்றாவது வாரம் காலையில் கதவைத் திறந்தால் வாசல்படியில் ஒரு பச்சைப் பை, காய் அப்படியே இருக்க, மேலே ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. புருஷன் இறந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற ஒரு தங்கை. சாயங்காலம் போய்க் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், “எங்களுக்கு மட்டும் ஏன்க்கா வேற பை?” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் பதிலும் இல்லை. அவளோடு மறுபடி பேச்சு வர நாலு மாதம் ஆனது. ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டுமென்றால் பை, காய், எடை, வரிசை எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். வித்தியாசம் பணம் கட்டுகிற இடத்தில், இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். யாருக்குத் தேவை என்பதையும் நாம் தீர்மானிக்க வேண்டாம், அவர்களே சொல்லட்டும். அந்தப் பாதி விலையில் என் கையிலிருந்து போனது 2,050 ரூபாய்தான். மனசு நொந்த கணக்கு வேறு.

ஜூலையில் தக்காளி விலை ஏறியது. பொங்கலூர்ப் பக்கமிருந்து வருகிற ஒரு விவசாயியிடம் வழக்கமாக வாங்குவேன். ஏழைகளுக்குத்தானே கொண்டுபோகிறேன், கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறையுங்கள் என்று கேட்டேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அம்மணி, நானும் ரேஷன் அரிசி வாங்கித்தானுங்க திங்கறேன். பறிக்கற கூலி குறையலீங்களே. புண்ணியம் உங்களுக்கு, நட்டம் எனக்குங்களா?” கோபமாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் எந்த விவசாயியிடமும் ஏழைகள் பேரைச் சொல்லி விலை பேசியதில்லை. சில வாரம் கழித்துத் தக்காளி விலை சரிந்தபோது, பறித்தால் கூலிக்கே கட்டாது என்று அவர் செடியிலேயே விட்டுவிட்டார். அப்போதுதான் புரிந்தது, அவருக்கு வேண்டியது உயர்ந்த விலைகூட இல்லை, ஏறினாலும் இறங்கினாலும் மாறாத ஒரு விலை.

சந்தையிலும் ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். வாரா வாரம் அறுபது கிலோ வாங்குகிறீர்களே, வெளியே விற்கிறீர்களா என்று கேட்டார் அங்கிருந்த அலுவலர். அவர் கேட்டது நியாயம். வியாபாரி உள்ளே புகுந்து வாங்கி விற்கக் கூடாது என்பதற்காகவே உண்டான சந்தை அது. நான் லாபம் வைக்கவில்லை என்றாலும் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? மொத்தமாக வேண்டுமென்றால் விவசாயியிடம் தனியாகப் பேசித் தோட்டத்திலிருந்து வரவழையுங்கள், சந்தைப் பலகை விலையைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தராசு விஷயமும் அப்படித்தான். ஆன்லைனில் வாங்கிய என் சின்ன மெஷின் நூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று ஒருநாள் வாசலில் சத்தம் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு நிறுத்துக் கொடுக்கிற எவருக்கும் முத்திரை போட்ட தராசு வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் போடுகிற முத்திரை அது, எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எனக்கு அது தெரியவே தெரியாது.

பெரிய அடி கடனில்தான். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. நான் காய் கொடுத்ததோ ஞாயிறு காலை பத்து மணிக்கு. அதற்குள் வாடகைப் பாக்கி, மளிகைக் கடை நோட்டு, வார வட்டிக்காரர் எல்லாம் போய்விடும். “அடுத்த வாரம் தர்றேன்க்கா” என்பார்கள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரை கடன் என்று எல்லை வைக்கவில்லை, கேட்கக் கூச்சம். அக்டோபரில் போனஸ் வந்ததும் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். 2024 தீபாவளி அக்டோபர் 31. அந்த வாரம் ஊரே காலி. பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. காம்பவுண்டிலிருந்து பதினொரு குடும்பம் ஊருக்குப் போனது, ஐந்து குடும்பம் திரும்பி வரவில்லை. வேறு கம்பெனி, வேறு ஊர். இருந்தவர்களுக்கும் போனஸ் ஊரிலேயே செலவாகியிருந்தது. நோட்டில் நின்றது 9,850 ரூபாய்.

வீட்டுக்காரருக்குத் தெரிந்து இரண்டு நாள் பேசவில்லை. நான் அந்த நோட்டை எடுத்து எடுத்துப் பார்த்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலசமயம், நான் முட்டாள் என்று சிலசமயம் அழுதிருக்கிறேன். ஏமாற்றினார்கள் என்று இப்போது நினைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிப் போன ஒருத்தி ஜிபேயில் 300 ரூபாய் அனுப்பி, “மிச்சத்தையும் தந்துருவேன்க்கா, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு” என்று குரல் பதிவு போட்டிருந்தாள். கடன் கொடுத்தால் ஒரு பைக்கு மேல் கொடுக்காதீர்கள். அது அடைந்தால்தான் அடுத்த பை. கறாராகப் பேசுகிறோமே என்று தோன்றும். ஆனால் கடன் ஏறினால் அவர்கள் நம்மைப் பார்க்கவே தயங்குவார்கள், காயும் நின்றுவிடும், உறவும் நின்றுவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

2025 ஜனவரியில் பொங்கல் முடிந்து மறுபடி ஆரம்பிக்க வைத்தவர் தெருமுனைக் கடைக்காரம்மா. அவரிடம்தான் நான் முதல் நாளே போயிருக்க வேண்டும். நான் காய் கொண்டுவர ஆரம்பித்ததும் அவர் கடையில் காய் விற்பது குறைந்துபோய், உள்ளுக்குள் வருத்தம் இருந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவேயில்லை. அவர் கடை ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும். எந்த வீட்டில் யாருக்கு எப்போது சம்பளம் என்று அவருக்குத் தெரியும். கடன் நோட்டு அவரிடம் பத்து வருடமாக இருக்கிறது. நான் புதிதாகக் கட்டப் பார்த்த எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

இப்போது நடப்பது இதுதான். பொங்கலூர்ப் பக்கத்து அந்த விவசாயியும் அவர் பங்காளி ஒருவரும் சனிக்கிழமை மத்தியானம் பறித்து, ஆளுக்கொரு டிவிஎஸ் எக்ஸெல்லில் கிரேட்டோடு கடைக்குக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மொத்தம் நாற்பது பை, பைக்கு மூன்று கிலோ, அந்தந்தப் பருவத்தில் விளைகிறது. கிலோ சராசரி 28 ரூபாய் என்று மூன்று மாதத்துக்கு மாறாத விலை பேசியிருக்கிறோம். பைக்கு 84 ரூபாய் விவசாயிக்கு, பத்து ரூபாய் வண்டிச் செலவு, ஆறு ரூபாய் கடைக்காரம்மாவுக்கு. ஆக ஒரு பையின் அடக்கம் 100 ரூபாய். எங்கள் தெருவில் சொந்த வீட்டுக்காரர்களும் என் கம்பெனி ஆபீஸ் ஆட்களுமாக 24 பேர் 120 ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள், மாத ஆரம்பத்திலேயே முன்பணமாக. அதில் மிஞ்சுகிற 480 ரூபாயில் 16 பை 70 ரூபாய்க்குப் போகிறது. எல்லாம் ஒரே துணிப்பை. யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது கடைக்காரம்மா நோட்டில் மட்டும். 70 ரூபாய் விலை வேண்டும் என்று அவரிடம் சொன்னால் போதும், சான்று எதுவும் கேட்பதில்லை. எல்லாரும் 70 என்றே சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். முதல் வாரம் கேட்டது பதிமூன்று வீடு. சம்பளம் கையில் இருக்கிற சனிக்கிழமை ராத்திரியே, வீட்டுக்குப் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. பை போடுகிற நேரம் ஒன்றரை மணி, அவ்வளவுதான். பச்சைப் பையைத் திருப்பி வைத்த அந்தத் தங்கைதான் இப்போது தக்காளியில் செங்காயையும் பழத்தையும் பிரித்துப் போடுகிறாள். அவள் கை எனக்கு வராது.

மூன்று கிலோ ஒரு வாரத்துக்குப் போதாது என்று தெரியும். பதினொரு கிலோ எங்கே, மூன்று கிலோ எங்கே. கடையில் வாங்குகிற வெங்காயம் தக்காளியோடு சேர்த்தாலும் பாதிக்குப் பக்கத்தில்தான் வரும். பழம் இன்னும் கைக்கு அடங்கவில்லை. ஆப்பிள், ஆரஞ்சு பக்கமே போக முடியாது. கொய்யா மலிகிற சமயத்தில் பைக்கு மூன்று கொய்யா போடுகிறோம், மற்ற நேரம் பப்பாளிக் கீற்று. போன சனிக்கிழமை நாலாவது வீட்டுப் பெண் அம்மாவோடு வந்திருந்தாள். கடை வாசல் விளக்கடியில் உட்கார்ந்து பையைத் திறந்து கொய்யாவை வெளியே எடுத்து வைத்து எண்ணினாள். “பெரியம்மா, மூணுதான் இருக்கு. நாங்க நாலு பேரு” என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கடைக்காரம்மாவின் நோட்டை வாங்கி அடுத்த வாரத்துப் பக்கத்தில் கொய்யா 160 என்று எழுதினேன். பைக்கு ஐந்து ரூபாய் கூடும். 120 ரூபாய்க்காரர்களிடம் இந்த வாரம் கேட்க வேண்டும்.